காகம் என்ன சாப்பிட்டது?

ஸ்காபரோ, கனடா
9 ஓகஸ்ட் 2009

லதீசனின் அப்பாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் சுகமாக வந்து சேர்ந்தேன். தங்கச்சி தவமலரின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கால்தான் அசையாமல் கிடக்கிறது, வாய் முன்பு போலவே ஓடுகிறது. உங்கள் சுகம் எப்படி? சுகர் பார்த்தீர்களா? டொக்டர் சொன்னபடி காலையில் நடக்கிறீர்களா, அல்லது கதிரையோடு ஒட்டிவிட்டீர்களா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் போன் தவமலரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கதைத்தால் அவளும் சேர்ந்து கதைக்கிறாள். அது போக, போனில் உங்களிடமிருந்து வருவது "ஓம்", "ம்", "சரி வைக்கிறன்" இவ்வளவுதான். பேப்பரில் ஒருவர் "ம்" என்று எழுதி முத்திரை ஒட்டி அனுப்பமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மேசை லாச்சியில் கடித உறைகள் வைத்துவிட்டு வந்தேன். முகவரியும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேலை, உள்ளே ஏதாவது வைப்பது மட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெகதீஸ்வரி


மனோர் பார்க், லண்டன்
20 ஓகஸ்ட் 2009

ஜெகதீஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் சுகமென்று நம்புகிறேன். சுகரும் சுகம். நடக்கிறேன். இங்கே மழை. தவமலரின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லும்.

இப்படிக்கு,
சச்சிதானந்தன்

பி.கு: பக்கத்து வீட்டு மார்கரெட்டுக்கு இடுப்பு ஏலாது. அதனால் அவவுடைய நாயையும் கூட்டிக்கொண்டுதான் வான்ஸ்டட் வெளியில் நடக்கிறேன்.


ஸ்காபரோ
2 செப்டெம்பர் 2009

லதீசனின் அப்பாவுக்கு,

சுகம். தவமலர் பொல்லுப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். உங்களுடையது கடிதமா தந்தியா என்று கேட்கிறாள். அந்தப் பின்குறிப்புத்தான் முழுக் கடிதத்திலும் நீளமான வசனம். நாயைப் பற்றி எழுத இவ்வளவு கை ஓடுகிறது, கட்டிய மனிசிக்கு எழுத ஓடவில்லை. சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவள் நான் என்பது ஞாபகமிருக்கட்டும். நாயை வெளியில் வைத்துப் பழகுங்கள், படலைக்கு உள்ளே வேண்டாம்.

ஒரு விசயத்தை நேராகவே எழுதுகிறேன். தவமலர் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். அவளுடைய பிள்ளைகள் வன்கூவரில். இவ்வளவு பெரிய வீட்டில் அவள் தனி. கடை, கோயில், சொந்தக்காரர் எல்லாம் நடை தூரத்தில். காலையில் எழும்பினால் இரவு வரைக்கும் யாராவது கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். லண்டனுக்கு வந்து என்ன செய்வேன்? லதீசன் எடின்பரோவில் வேலை என்று போய்விட்டான். நீங்கள் முன்பும் கதை குறைவு. இந்த வருசம் மே மாதம் ஊரில் சண்டை அப்படி முடிந்த பிறகு அதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் துக்கம்தான், எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் சுவரோடு இருந்து அழுதேன், நீங்கள் முன்னறையில் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரீவி போட்டிருக்கவும் இல்லை.

டிசம்பரில் திரும்பி வர ரிக்கற் இருக்கிறது. வருவதா விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

புரட்டாதி பிறக்கப்போகிறது. உங்களுக்கு ஏழரைச் சனி. ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்து முழுகி, எள்ளெண்ணெய் விளக்கு வைத்து, மரக்கறிச் சோறு சமைத்து, முதலில் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் நீங்கள் வாயில் வைக்க வேண்டும். அதில் மட்டும் பகிடி விடாதீர்கள்.

ஜெகதீஸ்வரி


மனோர் பார்க்
11 செப்டெம்பர் 2009

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

நான் சுகம். சுகர் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் பாராட்டினா. தவமலர் நடக்கிறா என்று அறிந்து சந்தோசம். இன்னும் வேகமாக நடக்கட்டும்.

உமது கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் இங்கே நடப்பதை எழுதுகிறேன்.

மார்கரெட் வயதானவர்களுக்கான பிளாட்டுக்குப் போய்விட்டா. அங்கே நாய் வைத்திருக்க விடமாட்டார்களாம். ஆகவே டியூக் கொஞ்ச நாளைக்கு எங்களோடு. கறுப்பு நிறம், கன்றுக்குட்டி அளவு, வயது போனவன். பயப்படாதேயும், தோட்டத்தில்தான் படுக்கிறான். மிகவும் மரியாதையானவன். நான் பேப்பர் படித்தால் அவன் சத்தமே போடுவதில்லை. உமக்கு மனக்கஷ்டம் வரக்கூடாதென்று சாமியறைக் கதவைக் கயிறு கட்டி மூடி வைத்திருக்கிறேன். அவன் தோட்டத்தில்தான்.

நடக்கப் போன இடத்தில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. வால்தம்ஸ்டோ கணேசலிங்கத்தை உமக்குத் தெரியும், டென்மார்க்கிலிருந்து வந்தவன், கிரிஜாவின் புருசன். அவனிடம் இரண்டு நாய். டென்மார்க்கில் பழகினதாம், வாரக்கடைசியில் காட்டுக்குப் போய் கூடாரம் அடித்துப் படுக்காவிட்டால் அவனுக்கு உடம்பு உளைகிறதாம். இந்த மாதக் கடைசியில் நியூ பாரஸ்ட் என்ற தேசியப் பூங்காவுக்குப் போகிறான். மார்கரெட்டும் வாறா, டியூக்கைப் பிரிந்திருக்க ஏலாதாம். என்னையும் கூப்பிடுகிறார்கள். "அண்ணை, நீங்கள் பெற்றோல் ஸ்ரேசனையும் வீட்டையும் தவிர இந்த நாட்டில என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று கேட்கிறான்.

போகவா? வெள்ளி போய் ஞாயிறு வருவோம். இடையில் ஒரு சனிக்கிழமை வருகிறது, அதுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
சச்சிதானந்தன்


ஸ்காபரோ
18 செப்டெம்பர் 2009

லதீசனின் அப்பாவுக்கு,

சுகம், சுகம். விசயத்துக்கு வருகிறேன்.

நாய் தோட்டத்தில் படுக்கிறது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் சாமியறைக் கதவைக் கயிறு கட்டி மூடியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் கிடக்கிற நாய்க்குச் சாமியறைக் கதவை ஏன் கட்டவேண்டும்? முருகனா ஓடப்பார்க்கிறார்? நீங்கள் பேப்பர் படிக்கிறபோது அது சத்தம் போடுவதில்லை என்றால், நீங்கள் தோட்டத்து மழையில் நின்றா பேப்பர் படிக்கிறீர்கள்? அது என்னுடைய சோபாவில் படுக்கிறது. எனக்குத் தெரியும்.

சரி, அதை நான் வந்து பார்க்கிறேன். வந்தால்.

காட்டுக்குப் போங்கள். கலியாணம் கட்டின நாளிலிருந்து நீங்கள் "போகவா?" என்று என்னைக் கேட்டது இதுதான் முதல்தடவை. தவமலர், "மறிக்காதை அக்கா, மனிசன் கதவைத் திறந்து வெளியில போறார்" என்கிறாள். ஆனால் புரட்டாதிச் சனி காட்டிலும் புரட்டாதிச் சனிதான். எண்ணெய் முழுக்கு, விளக்கு, காகத்துக்குச் சோறு. மூன்றும் நடக்கவேண்டும். காட்டில் காகத்துக்குப் பஞ்சமில்லை.

கம்பளித் தொப்பி அலுமாரியின் கீழ்த்தட்டில். சுகர்க் குளிசையை மறக்கவேண்டாம்.

ஜெகதீஸ்வரி


மனோர் பார்க்
29 செப்டெம்பர் 2009

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

போனபடியே சுகமாகத் திரும்பினோம். சுகர் பார்க்கவில்லை, நல்ல செய்தியைக் கெடுப்பானேன். அங்கே எல்லாரும் நலமா?

நீர் சிரிக்கக்கூடும், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கணேசலிங்கத்தின் வான் வண்டியில் முன்னுக்கு மார்கரெட், பின்னுக்கு நானும் மூன்று நாயும். டியூக் முழு வழியும் என்னுடைய தோளில் தலையை வைத்து நித்திரை. நான் றைஸ் குக்கரைக் கொண்டுபோயிருந்தேன். காட்டில் கரண்ட் இல்லை என்பது எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. மார்கரெட் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு ஓக் மரத்தைச் சுற்றி வந்து, "இதில் பிளக் இருப்பதாகத் தெரியவில்லை" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னா.

கூடாரத்தின் வாசல் கிழக்குப் பார்க்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வீடென்றாலும் கூடாரமென்றாலும் வாசல் வாசல்தானே. அடித்து முடித்து உள்ளே இருந்து பார்த்தால் நேர் எதிரே கழிப்பறை. அங்கே துவாயோடு வரிசையில் நிற்கிற சனமெல்லாம் எங்களுக்கு "குட் மோர்னிங்" சொல்லியது. நாங்களும் சொன்னோம். வேறு என்ன செய்வது?

அந்தக் காட்டில் குதிரைகள் எங்கள் ஊர் மாடு மாதிரி அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. ஒன்று வந்து கணேசலிங்கத்தின் தலையை மோந்து பார்த்தது. சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் தேய்த்துப் பொதுக் குளியலறையில் முழுகினேன். எண்ணெய் முழுக்கப் போகவில்லை. அன்று முழுவதும் மூன்று நாயும் என்னுடைய காலை நக்கிக்கொண்டே பின்னால் வந்தன. எதிரே வந்த ஒரு கிழவர், "நாய்கள் உங்களில் நல்ல அன்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கு வைத்தேன். காஸ் அடுப்பில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். காகம் சாப்பிட்டது. பிறகு நாங்களும் சாப்பிட்டோம்.

ஞாயிறு மழை. கூடாரத்தை நனைந்தபடியே சுற்றி வானுக்குள் எறிந்துவிட்டு வந்தோம். வான் இன்னும் மணக்கிறதாம்.

அன்புடன்,
சச்சிதானந்தன்


ஸ்காபரோ
8 ஒக்டோபர் 2009

லதீசனின் அப்பாவுக்கு,

இருவரும் சுகம். நாங்கள் சிரித்ததில் தவமலருக்கு முழங்காலில் நோவு கூடிவிட்டது. அந்தக் குற்றம் உங்களுடையது.

ஆனால் ஒன்று. றைஸ் குக்கருக்கு ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறைக்கு ஒரு பந்தி. நாய் நக்கியதைக்கூட விடவில்லை. காகத்தை மட்டும் இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். "காகம் சாப்பிட்டது." உங்களோடு இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு நீங்கள் எங்கே சுருக்குகிறீர்கள் என்று தெரியும்.

காகம் என்ன சாப்பிட்டது?

உடம்பு கவனம்.

ஜெகதீஸ்வரி


மனோர் பார்க்
17 ஒக்டோபர் 2009

அன்புள்ள ஜெகதீசுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன். கதிரையில் இருந்துகொண்டு இதை வாசிக்கவும்.

வாழையிலையில் சோறு வைத்து "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. மார்கரெட் காரணம் கேட்டா, சொன்னேன். உடனே அவவும் கதிரையில் இருந்தபடி "கா" என்றா. பக்கத்துக் கூடாரத்தார் எங்களுக்கு உதவியென்று நினைத்து அவர்களும் தொடங்கினார்கள். கடைசியில் அந்த வெளி முழுக்க வெள்ளைக்காரர் நின்று "கா, கா" என்கிறார்கள். மார்கரெட் தனக்குச் சோசேஜ் பொரித்து வைத்திருந்தா. "நீங்கள் சாப்பிடுங்கோ, இது எங்கட விரதம்" என்றேன். "காகத்துக்கு முன்னால் நான் எப்படிச் சாப்பிடுவது" என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தா.

முதல் இலையை டியூக் முடித்துவிட்டான். இரண்டாவது இலையைக் குதிரை தின்றது, இலையோடு. மூன்றாவது இலை வைத்தபோது, சத்தியமாக, ஒரு காகம் வந்து இறங்கியது. நான் கும்பிட்டேன். அது சோற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தது. பருப்பைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பறந்து மார்கரெட்டின் மடியில் இருந்த சோசேஜைக் கொத்திக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது.

பன்றி இறைச்சி, ஜெகதீஸ். சனீஸ்வரனுடைய வாகனம், புரட்டாதிச் சனிக்கிழமை.

மார்கரெட்தான் மெதுவாக, "இது கணக்கில் வருமா?" என்று கேட்டா. கணேசலிங்கத்துக்குப் பசி கண்ணை மறைத்துவிட்டது. "காகம் சாப்பிட்டுட்டுது அண்ணை. என்ன சாப்பிடோணும் எண்டு சனி பகவானுக்கு நாங்கள் சொல்லுறதே?" என்று சோற்றைப் போட்டான். நானும் போட்டேன். இதுதான் நடந்தது.

இன்னொன்றும் எழுதாமல் விட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் டியூக்கைக் காணவில்லை. நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு காட்டுக்குள் ஓடினேன். முள், சேறு, குதிரைச் சாணி, எதுவும் பார்க்கவில்லை. "டியூக், டியூக்" என்று கத்திக்கொண்டுதான் ஓடினேன். கொஞ்சத் தூரம் போனபிறகு என்னுடைய காதில் விழுகிறது, நான் "ஜெகதீஸ், ஜெகதீஸ்" என்று கத்துகிறேன். அந்த இடத்திலேயே ஒரு மரக்குற்றியில் இருந்து அழுதேன். மே மாதத்தில் வராத அழுகையும் அன்றுதான் வந்தது. பின்னால் வந்த கணேசலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். வேறு வாயால் உமக்கு வரக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

நாய் எங்கும் போகவில்லை. மார்கரெட்டின் கதிரைக்குக் கீழே, அவவுடைய கம்பளிக்குள் படுத்து நித்திரை.

சோபா விசயமும் உண்மை.

அன்புடன்,
சச்சிதானந்தன்


மனோர் பார்க்
14 நவம்பர் 2009

அன்புள்ள ஜெகதீசுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. உமது கடிதம் இல்லை. தபால்காரன் வரும் நேரத்துக்கு நானும் டியூக்கும் கதவடியில் நிற்கிறோம். அவன் எங்களைக் கண்டால் இப்போது தூரத்திலேயே தலையாட்டி "இல்லை" என்று காட்டிவிடுகிறான்.

போனில் தவமலர் எடுத்து, நீர் கோயிலுக்குப் போய்விட்டீர் என்கிறா. எந்த நேரம் எடுத்தாலும் கோயில். காகத்தில் கோபமா? அல்லது நாயைக் கூப்பிடப்போய் உம்முடைய பெயரைக் கூப்பிட்டது மரியாதைக் குறைவாகப் பட்டதா? நான் அப்படி நினைத்து எழுதவில்லை.

நான் யோசித்துவிட்டேன். உமக்கு அங்கேதான் விருப்பமென்றால் வீட்டை விற்போம். நான் வாறன். டியூக்கைக் கணேசலிங்கம் வைத்திருப்பான், கேட்டுவிட்டேன். எனக்கு இந்த ஊரில் இப்போதுதான் நாலு பேர் சினேகிதர் சேர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களோடு நடக்கும்போதும், இதை ஜெகதீசுக்கு எழுதவேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு நடக்கிறேன். எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு அந்த நடையும் வேண்டாம்.

பதில் எழுதும். "ம்" என்று எழுதினாலும் போதும்.

உமது,
சச்சிதானந்தன்


ஸ்காபரோ
24 நவம்பர் 2009

அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் இந்தக் கடிதம் கண்டதும் சுகமாகிவிடுங்கள்.

கோபமில்லை. மரக்குற்றியில் இருந்து அழுதீர்கள் என்று வாசித்த பிறகு எனக்குப் பேனை ஓடவில்லை. எழுத இருந்தால் எழும்பிப் போய் உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தேன். போனில் வந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் கோயில் என்று சொல்லச் சொன்னேன். பாதி நேரம் கோயிலில்தான் இருந்தேன், மீதி நேரம் குளியலறையில். அந்தக் கடிதத்தைத் தவமலர் களவாக வாசித்துவிட்டாள். வாசித்தவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "அக்கா, என்ர மனிசன் உயிரோட இருக்கேக்க ஒருநாளும் என்ர பேரைச் சொல்லிக் கத்தினதில்லை. நீ போ" என்றாள். அவளுடைய கால் நன்றாகிவிட்டது. வன்கூவரிலிருந்து மகளும் வரப்போகிறாள்.

காகத்தைப் பற்றிக் கோயில் ஐயரிடம் கேட்டேன். கறுப்பு நாய் வைரவருடைய வாகனம், வைரவர் சனீஸ்வரனுக்கே குரு, ஆகவே முதல் இலையை நாய் தின்றபோதே விரதம் நிறைவேறிவிட்டது, பிறகு காகம் என்ன தின்றால் என்ன என்று சொன்னார்.

ஐயர் அப்படிச் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் பரிகாரம் சொல்லுவார், நீங்கள் பயந்துவிடுவீர்கள். தீர்ப்பு என்னுடையது.

வீட்டை விற்கவேண்டாம். டிசம்பர் பதின்மூன்று வருகிறேன். நாய் இருக்கட்டும், குசினிக்குள்ளும் சாமியறைக்குள்ளும் வரக்கூடாது, என்னைக் கண்டால் குலைக்கக்கூடாது. எனக்குப் பயம்தான். ஆனால் உங்களைக் கதைக்கவைத்த பிராணியை எப்படி வெளியில் விடச்சொல்வேன்? கடிதத்தில் வந்த மனிதரோடு நான் நிறையக் கதைக்கவேண்டும். விமான நிலையத்துக்கு அவரையே அனுப்பிவையுங்கள்.

உங்கள்,
ஜெகதீஸ்வரி


மனோர் பார்க், மேல்மாடி
20 டிசம்பர் 2009

லதீசனின் அப்பாவுக்கு,

மேலே நான் சுகம். கீழே நீங்களும் டியூக்கும் சுகம் என்று படியில் நின்று எட்டிப் பார்த்து அறிந்தேன்.

வந்து ஒரு கிழமை. விமான நிலையத்தில் "பிளைற் எப்படி?" என்றீர்கள். வானுக்குள் "குளிர்" என்றீர்கள். அதற்குப் பிறகு "ஓம்", "ம்", "தேத்தண்ணி போடவா?" இவ்வளவுதான். நாய்கூட உங்களைவிட என்னோடு கூடுதலாகக் கதைக்கிறது. அது குலைப்பதில்லை, ஆனால் நான் படியால் இறங்கினால் எழும்பி வாலை ஆட்டி ஒதுங்கி வழி விடுகிறது. நீங்கள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைக்கிறீர்கள்.

எனக்குக் கடிதம் எழுதிய மனிதர் எங்கே? அவரை நம்பித்தான் கடல் தாண்டி வந்தேன். கோபத்தில் எழுதவில்லை, கவலையில் எழுதுகிறேன். இதை உங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிறேன். பதில் வரும்வரை மேலேயே இருப்பேன்.

ஜெகதீஸ்வரி


மனோர் பார்க், முன்னறை
அன்றே

அன்புள்ள ஜெகதீசுக்கு,

கீழே நான் சுகமில்லை. மேலே நீர் இருப்பது தெரிவதால் பாதி சுகம்.

விமான நிலையத்துக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று வானுக்குள் கணேசலிங்கத்துக்கு ஒப்பித்துக் காட்டினேன். அவன், "அண்ணை, நல்லாயிருக்கு, இதையே சொல்லுங்கோ" என்றான். நீர் சூட்கேசைத் தள்ளிக்கொண்டு கதவால் வெளியே வந்தீர். நான் சூட்கேசைப் பிடித்துக்கொண்டு "பிளைற் எப்படி?" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கதைதான். வாயைத் திறந்தால் சொல் வருமுன்னம் அழுகை வரும் போலிருக்கிறது. பேப்பரைத் தூக்குவது அதை மறைக்க. மே மாதத்திலும் அப்படித்தான். உம்மோடு ஒருநாளும் கோபமில்லை. நீர் அங்கே அழுதுகொண்டிருக்கும்போது நானும் தொடங்கினால் உம்மை யார் பிடிப்பது என்று நினைத்து, ஒன்றும் பேசாமல் இருந்தேன். அதை நீர் சுவர் என்று நினைத்துவிட்டீர். பிழை என்னில்தான். கடிதத்தில் அழுதால் எழுத்துக் கொஞ்சம் கோணும், அவ்வளவுதான். அதனால்தான் அங்கே எல்லாம் எழுத முடிந்தது.

நீர் வந்தது எனக்குப் பெரிய சந்தோசம். இதைச் சொல்லத்தான் ஒரு கிழமையாகத் தெண்டித்துப் பார்க்கிறேன்.

இதை உறைக்குள் வைத்து மேலே கொண்டுவந்து கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு, நான் படியிலேயே இருக்கிறேன். நீர் வாசித்துவிட்டுக் கதவைத் திறவும். நான் வாயால் கதைக்கிறேன். அழுவேன், அதைக் கண்டுகொள்ளாதேயும். இல்லை, கண்டுகொள்ளும்.

உமது,
சச்சிதானந்தன்